பதினெட்டு நாள் சீசன்

2019ஆம் ஆண்டு மே 23, வியாழக்கிழமை. காலையிலிருந்து தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை ஒரு பக்கம், 22 சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தல் எண்ணிக்கை இன்னொரு பக்கம். ஆட்சி தங்குமா, போகுமா என்று ஊரெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் லூதியானாவில் ஒரு தமிழ்நாட்டு அணி இந்தியாவின் சாம்பியன் ஆகியிருந்தது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி., இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் கால்பந்து லீக் கோப்பையை வாங்கியது. மறுநாள் காலை அந்தச் செய்தியைத் தேடிப் படித்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருந்திருப்பார்கள்.

அந்த ஆண்டு நமக்கு விசேஷமான ஆண்டு. மார்ச் 9ஆம் தேதி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை வென்று ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தைப் பிடித்தது. அதுவும் 3-1தான். இரண்டரை மாதத்துக்குள் ஆண்கள் லீக், பெண்கள் லீக் இரண்டுமே தமிழ்நாட்டுக்கு வந்தன. அக்டோபர் மாதம் தீபாவளிக்கு விஜய்யின் 'பிகில்' படம் வந்தது. பெண்கள் கால்பந்து அணி ஒன்று கோப்பை வாங்கும் கதைக்குத் தியேட்டர் தியேட்டராக விசில் பறந்தது. நிஜமாகவே வாங்கிவிட்டு வந்த அணிக்கு ஐந்து மாதம் முன்பு அந்த விசிலில் பத்தில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விஜய் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வருத்தமெல்லாம் நம் மேல்தான்.

சேது எஃப்.சி.யின் பின்னால் ஒரு கல்லூரி இருக்கிறது. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிப் பக்கம் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த சீனி மொகைதீன் 2016இல் தொடங்கிய அணி அது. பொறியியல் கல்லூரி என்றால் கேம்பஸ் இன்டர்வியூவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று விளம்பரம் கொடுக்கும் நாட்டில், ஒரு கல்லூரிக்காரர் பெண்கள் கால்பந்தில் பணம் போட்டதை இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். மணிப்பூரிலிருந்து சிலர் ஆடினார்கள், நேபாளத்தின் சாபித்ரா பண்டாரி ஆடினார்.

ஆனால் நெய்வேலியில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் அவர்கள் இல்லை. அந்த அணியில் நம் மாவட்டத்துப் பெண்கள் இருந்தார்கள். இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். நான்குவழிச் சாலை வேலைக்காகத் திருப்பிவிடாத நாளாக இருந்தால் இங்கிருந்து பண்ருட்டிக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது! பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் பேர் போன ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஊர்ப் பெண்தான் இன்று இந்திய அணியின் முன்வரிசையில் ஆடுகிறார்.

கடலூரில் இது திடீரென்று முளைத்தது இல்லை. ஆழிப்பேரலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் எஸ். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அங்கே பெண் பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள், விடுதியில் வளர்ந்தவர்கள், கூலி வேலை செய்யும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் அந்த அணி 2018இல் ஷில்லாங் வரை போய்த் தேசிய லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடியது. அந்தச் சுற்றில் ஆடியவை ஏழே அணிகள். அவற்றில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள், ஒன்று கடலூர் அணி. அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகப் பட்டம் வாங்கியது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வெல்வது என்றால் என்ன என்று விளையாட்டு தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கோப்பையைப் பெரும்பாலான ஆண்டுகள் அவர்கள்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாவது முறையும் அதை வாங்கியது.

இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் ஊரடங்கின்போது இந்தியாவுக்கு ஆடிய கால்களோடு சென்னைத் தெருவில் நின்று பாதுகாப்புப் பணி பார்த்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையைச் சிலர் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

சரி, அந்த 2019 சாம்பியன் சீசனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். லீக் மே 5ஆம் தேதி தொடங்கி 22ஆம் தேதி முடிந்தது. பஞ்சாபின் மே மாத வெயிலில் ஒரே ஊரில் 12 அணிகள், இரண்டு பிரிவுகள். பிரிவில் ஐந்து ஆட்டம், அப்புறம் அரையிறுதி, இறுதி. சாம்பியன் அணிக்கு மொத்தம் ஏழு ஆட்டம், பதினெட்டு நாள். நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து விடிய விடிய நடந்து, பதினெட்டாம் போர் முடிந்து படுகளம் ஆனதும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். இந்த லீக்கும் அப்படித்தான். கோப்பையைக் கொடுத்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள். கூத்தாவது ஊர் பார்க்க நடக்கும்.

ஆண்களின் லீக்கில் ஒரு அணி மாதக்கணக்கில் ஆடும். தோற்கும், அடுத்த வாரம் திருத்திக்கொள்ளும். காயம் பட்டால் ஆறிவிட்டு வரும். புதுப் பையன் ஒருவனைப் பத்து ஆட்டத்துக்குப் பொறுத்துப் பார்க்க முடியும். பதினெட்டு நாள் லீக்கில் இது எதற்கும் இடம் கிடையாது. கணுக்கால் பிசகினால் அந்த ஆண்டு போச்சு. சொந்த ஊர் மைதானமும் இல்லை, பார்த்து ரசிக்கச் சொந்த ஊர்க்காரர்களும் இல்லை. மதுரை அணி சாம்பியன் ஆனதை மதுரைக்காரர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டுமானால் லூதியானாவுக்கு ரயில் ஏற வேண்டும். தேசியப் பெண்கள் லீக்கை உள்ளூரில் பாதி, வெளியூரில் பாதி என்று முறையாக நடத்தத் தொடங்கியது 2023-24 சீசனில்தான். அப்போதும் ஏழு அணிகள், ஒரு அணிக்கு 12 ஆட்டம். குறைவுதான். ஆனால் பதினெட்டு நாளுக்கு இது எவ்வளவோ மேல்.

மேலே இப்படி என்றால் கீழே இன்னும் மோசம். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கும் நண்பரிடம் கேட்டேன்.

"உங்க பொண்ணுங்க வருஷத்துக்கு எத்தனை மேட்ச் ஆடுவாங்க சார்?"

"குறுவட்டத்துல ஜெயிச்சா மாவட்டம், அதுல ஜெயிச்சா மேல. முதல் மேட்ச்லயே தோத்துட்டோம்னு வைங்க, அடுத்தது அடுத்த வருஷம்தான்."

"வருஷத்துக்கு ஒரே மேட்சா?"

"ஒரு மேட்ச் கூட இல்ல சார், அதுல பாதி. பதினஞ்சு நிமிஷம் ஆடினதும் மழை வந்து, பெனால்டில முடிச்ச வருஷமும் உண்டு."

ஆண்டு முழுவதும் பயிற்சி செய்து ஒரு மாலையில் தோற்று வீட்டுக்குப் போகிற பிள்ளை, பத்தாம் வகுப்பு வந்ததும் பந்தை விட்டுவிடுகிறாள். வீட்டிலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். திறமை இல்லாமல் போனதாக யாரும் சொல்ல முடியாது. ஆட ஆட்டமே இல்லை. இந்துமதியும் சந்தியாவும் இதையெல்லாம் தாண்டி வந்தது அவர்களின் பெருமை. அதை நம் ஏற்பாட்டின் வெற்றி என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

நெய்வேலி மாதிரிச் சுரங்க ஊருக்கும் ஆலை ஊருக்கும் கால்பந்துக்கும் பழைய உறவு உண்டு. நம் சுரங்கத்தில் மண்ணை வாரும் பக்கெட் வீல் இயந்திரங்களின் பூர்விகம் ஜெர்மனி. அந்த ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில்தான் ஷால்க்கே அணி இருக்கிறது. அந்த அணிக்கே சுரங்கத் தொழிலாளர்கள் என்றுதான் செல்லப் பெயர். அவர்கள் ஊரில் கடைசிச் சுரங்கத்தை 2008இல் மூடிவிட்டார்கள். அணி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு இறங்கி வரும் வழியைச் சுரங்கப் பாதை மாதிரியே அமைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1987இல் கால்பந்து அகாடமி தொடங்கியது. இந்திய அணிக்கு அங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று சொன்னால் பத்தி நிறைந்துவிடும்.

பெண்கள் கதை இன்னும் பழையது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் வெடிகுண்டு செய்த டிக், கெர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் பெண்கள் ஆட்டத்துக்குக் கதவைச் சாத்தியது. பந்தை உதைக்காதே என்று நேராகச் சொல்லவில்லை. சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்றார்கள். அவ்வளவு போதுமானதாக இருந்தது. சுமார் ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை இருந்தது.

நெய்வேலியில் யாரும் யாருக்கும் தடை போடவில்லை. இங்கே இடத்துக்கும் பஞ்சமில்லை. 1950களில் இந்த நகரியத்தைத் திட்டம் போட்டுக் கட்டியவர்கள் சாலை, மரம், மைதானம் மூன்றிலும் கை தாராளமாக இருந்தார்கள். பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது, வட்டத்துக்கு வட்டம் திடல் இருக்கிறது. சாயங்காலம் நடந்து போகும்போது பார்க்கிறேன்: கிரிக்கெட் வலைக்குள் பையன்கள், ஓரத்தில் ஷட்டில், சுற்றுப்பாதையில் சர்க்கரையைக் குறைக்க நடக்கும் ஓய்வுபெற்றவர்கள். (நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.) பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஓட்டப் பயிற்சியில். பதினொரு பேராகப் பந்து ஆடிப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரையிலான நேரம் அவர்கள் பங்குக்கு விழவே இல்லை. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய்க் குடியேறிய கிராமங்களின் பெண்களுக்கு அது இன்னும் தூரம்.

கோப்பை வாங்கியதும் அழைத்துச் சால்வை போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது சால்வை இல்லை, வாராவாரம் ஓர் ஆட்டம். கணக்கு மிக எளிது. நெய்வேலி, பண்ருட்டி, வடலூர், விருத்தாசலம், சிதம்பரம், கடலூர் என்று ஆறு ஊருக்கு ஆறு பெண்கள் அணி. ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடு இரண்டு முறை ஆடினால் அணிக்குப் பத்து ஆட்டம், மொத்தம் 30. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று ஆட்டம் வீதம் பத்து வாரத்தில் முடிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், ஆடி ஓய்ந்து கல்யாணமாகிப் போனவர்கள், யார் வேண்டுமானாலும் ஆடட்டும். மைதானம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி.க்குச் சமூகப் பொறுப்பு நிதி என்று ஒன்றும் இருக்கிறது. இதற்கு ஆகும் செலவு அதில் ஒரு பொருட்டாகவே இருக்காது.

நகரிய நிர்வாகத்தில் இருப்பவர்களே, பி.டி. மாஸ்டர்களே, ஒரு காலத்தில் பந்து ஆடி இன்று ஷிஃப்ட் முடிந்து சோபாவில் சாய்ந்திருக்கும் அண்ணன்களே: யாராவது ஒருவர் அட்டவணை போடுங்கள். பத்து ஞாயிற்றுக்கிழமைக்கும் ரெஃப்ரி படிக்காசு நான் தருகிறேன்.