கதவு மூடினால்தான் குற்றமா?

செமஸ்டர் நெருங்கினால் நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தனாவது "யாராச்சும் காலேஜுக்கு ஒரு பாம் மெயில் தட்டுங்கடா" என்பான். நாமும் சிரிக்கிற எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அதே ஜோக் ஏர்போர்ட் பக்கம் போனால் என்ன ஆகும் தெரியுமா?

1971 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில், விமானத்துக்குள் குண்டு வைப்பது இருக்கும் அதே பட்டியலில்தான், தெரிந்தே பொய்த் தகவல் சொல்லிப் பறக்கும் விமானத்தை ஆபத்தில் தள்ளுவதும் இருக்கிறது. அதை ஒட்டி 1982-இல் இந்தியா போட்ட சட்டத்தில் இதற்குத் தண்டனை ஆயுள் சிறை. ஆமாம் பாஸ், ஆயுள்!

ஆனால் 'பறக்கும்' என்பதற்குச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் எல்லாம் மூடியதிலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கும்வரைதான் அது. கதவு திறந்திருக்கும்போது வரும் புரளிக்கு அந்தப் பிரிவு உதவாது. 2024 அக்டோபரில் நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள் குவிந்து, ஒரு 17 வயதுப் பையன்கூடப் பிடிபட்ட பிறகுதான், தரையில் நிற்கும் விமானத்துக்கும் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தப்போவதாக மத்திய அமைச்சர் சொன்னார்.

திருத்தியே ஆகணும். தரையில் என்ன நடக்கும் என்று நம்ம ஊருக்குத் தெரியும். கோடம்பாக்கத்தில் தாம்பரம் ரயில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் மீனம்பாக்கம். 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்காக வந்த பெட்டிகளில் இருந்த குண்டு அங்கே விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே வெடித்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் இலங்கைப் பயணிகள் பலர். கொடுமை என்னவென்றால், முன்கூட்டியே போனில் எச்சரிக்கை வந்திருந்தது. பெட்டிகளை நேரத்துக்கு அப்புறப்படுத்தவில்லை. அன்றைய மாண்ட்ரியல் ஒப்பந்தமும் விமானத்தைத்தான் பார்த்தது, ஏர்போர்ட்டில் நிற்கிற ஆளை அல்ல. 1985-இல் ரோம், வியன்னா விமான நிலையங்கள் தாக்கப்பட்ட பிறகு 1988-இல்தான் அதைச் சேர்த்தார்கள். நம் சட்டத்தில் அது நுழைய 1994 ஆனது.

போனை எடுக்கிறவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தொடர்ந்து ஐம்பது புரளி கேட்டவருக்கு ஐம்பத்தோராவது போன் எப்படிக் கேட்கும்? விமானத்தின் கதவு மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பதில் அவருக்கு என்ன வித்தியாசம்?

அதுக்காக விளையாட்டுப் புத்தியில் ஒரு மெயில் அனுப்பிய ஸ்டூடன்ட்டை ஆயுள் முழுக்க உள்ளே தள்ளணுமா? அதிகம்தான். என்னைக் கேட்டால், தரையிலும் குற்றம் என்று சட்டம் சொல்லட்டும். தண்டனையை மட்டும் படிப்படியாக வைத்து, விமானத்தைத் திருப்பிய எரிபொருளுக்கும் சோதனைக்கும் ஆன செலவை அனுப்பியவனிடமே வசூலிக்கட்டும்.