சுசீலா ராமன் எந்தப் போட்டியில் பாடியிருப்பார்?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன்.

நம்ம தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கத்துக் கல்லூரிகளில் கல்சுரல்ஸ் வந்தால் பாட்டுப் போட்டியை மூணாகப் பிரித்து நோட்டீஸ் ஒட்டுவார்கள். கர்னாடக சங்கீதம், லைட் மியூசிக், வெஸ்டர்ன். மூணுக்கும் தனித்தனி ஹால், தனித்தனி நடுவர். சரி, ஒரு பெண் கிடார்க்காரரோடு வந்து, தீட்சிதரின் 'மஹா கணபதிம்' கிருதியை ப்ளூஸ் பாடகி மாதிரி கனத்த குரலில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை எந்த ஹாலுக்கு அனுப்புவீர்கள்?

கற்பனையாகக் கேட்கவில்லை. அப்படி ஒருவர் நிஜமாகவே இருக்கிறார். பெயர் சுசீலா ராமன். 2001-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்'. நம்ம செட்டில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு இந்தப் பெயர் தெரியவில்லை. அந்தக் கடுப்பில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆளைப் பற்றி. பெற்றோர் தஞ்சாவூர்த் தமிழர்கள். பிறந்தது லண்டனில், 1973-ல். நாலு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. சின்ன வயதிலேயே கர்னாடக சங்கீதம் கற்று மேடை ஏறியவர், டீன் ஏஜில் சிட்னியில் சொந்தமாக ராக் பேண்டு தொடங்கினார். அப்புறம் ப்ளூஸ், ஜாஸ் பக்கம் போனார். இங்கேதான் சிக்கல். கர்னாடகப் பாட்டுக்குத் தொண்டையைப் பழக்குவது ஒரு விதம், ப்ளூஸுக்குப் பழக்குவது வேறு விதம். ஒரே தொண்டைக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1995-ல் இந்தியா வந்து ஷ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானியும் கற்றார். 1997-ல் இங்கிலாந்து போய், கிடார் கலைஞரும் தயாரிப்பாளருமான சாம் மில்ஸோடு சேர்ந்து வேலை செய்தார். அதில் பிறந்ததுதான் 'சால்ட் ரெயின்'.

ஆல்பத்தில் என்ன இருக்கிறது? தீட்சிதரின் 'மஹா கணபதிம்', தியாகராஜரின் 'நகுமோமு', மைசூர் வாசுதேவாச்சாரின் 'மாமவது'. இவற்றுக்கு நடுவே 'மாயா', 'வுமன்' என்று ஆங்கிலப் பாட்டுகள். டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்'கூட இருக்கிறது. இதைப் படித்ததும் ஒரே தட்டில் சாம்பார் சாதமும் பாஸ்தாவும் வைத்த மாதிரி தோன்றும். கேட்டால் அப்படித் தோன்றாது. காரணம், எல்லாவற்றையும் கட்டிப்போடுவது ஒரே குரல். அந்தக் குரல் கிருதிக்கு ஒரு முகம், ஆங்கிலப் பாட்டுக்கு ஒரு முகம் என்று மாற்றிக்கொள்வதில்லை.

அந்த வருஷம் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இந்த ஆல்பமும் இருந்தது. அதே பட்டியலில் ரேடியோஹெட்டின் 'அம்னீசியாக்'கும் இருந்தது. பரிசு கிடைத்தது பி.ஜே. ஹார்விக்கு. அறிவித்த நாள் 2001 செப்டம்பர் 11. அன்றைக்கு உலகம் பாட்டைப் பற்றி யோசிக்கும் நிலையில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டினால் சங்கீதம் கற்றவர்கள் சொல்வது இரண்டு. ஒன்று, "கமகம் போதவில்லை". இரண்டு, "சாஹித்யத்தை இப்படிப் பாடுவது மரியாதையாக இல்லை".

முதலாவதில் நியாயம் இருக்கிறது. 'நகுமோமு' ஆபேரியில் கச்சேரிப் பாடகர்கள் செய்யும் நுணுக்கம் இதில் பாதிகூட இல்லை. அதைத் தேடுபவர்கள் இங்கே வர வேண்டாம். ஆனால் சோல் பாட்டில் கமகத்தின் வேலையை வேறு ஒன்று செய்கிறது. குரல் ஒரு சொல்லில் தயங்கி நிற்பது, மூச்சு கேட்பது, ஸ்வரத்தை நேராகப் பிடிக்காமல் கீழிருந்து இழுத்துக்கொண்டு போவது. நகுமோமு என்ன பாட்டு? உன் சிரித்த முகத்தைக் காணாத என் துயரம் உனக்குத் தெரியாதா என்று ராமனிடம் ஒருவர் அழுகிற பாட்டு. ப்ளூஸும் அதே அழுகையில் பிறந்ததுதானே?

இரண்டாவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 'மஹா கணபதிம்' எழுதிய முத்துசுவாமி தீட்சிதரையே எடுத்துக்கொள்வோம் (1775–1835). அவர் குடும்பம் நம் சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்தது. அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசித்ததைக் கேட்டார்கள். அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாஹித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர், சுமார் 40 இருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' பாட்டைக் கேளுங்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு அப்படியே வரும்! தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரர்களின் வயலினைக் கற்றுக் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். இருநூறு வருஷம் முன்பு அவர்கள் வெள்ளைக்காரன் மெட்டை எடுத்து நம் சாமியைப் பாடினார்கள். இவர் அவர்கள் கிருதியை எடுத்து வெளியூர்க் குரலில் பாடுகிறார். பாதை ஒன்றுதான், திசைதான் வேறு.

வாத்தியம் என்றால் நமக்குப் பிரச்சினையே இல்லை என்பதையும் கவனியுங்கள். கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜன் வந்தார், சங்கீத கலாநிதி வரை போனார். மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத் கர்னாடகத்துக்குப் பழக்கினார், கை தட்டினோம். மாண்டலின் ஸ்ரீனிவாஸைக் கொண்டாடினோம். ஆக, பித்தளைக் குழாய் உள்ளே வரலாம், எலெக்ட்ரிக் மாண்டலின் வரலாம், ஒரு பெண்ணின் கனத்த குரல் மட்டும் வரக் கூடாதா? இது இசை இலக்கணமா, இல்லை ஒரு பெண் எப்படிப் பாட வேண்டும் என்ற நம் எதிர்பார்ப்பா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தின் சில இடங்களில் எல்லாம் ரொம்ப மெத்தென்று இருக்கிறது, காபி ஷாப்பில் பின்னணியில் ஓடுகிற மாதிரி. 'வேர்ல்டு மியூசிக்' என்ற அலமாரியில் வைத்து விற்றதும் ஒரு கெடுதல். அந்த அலமாரிக்கு வெளிநாட்டில் ஆள் உண்டு, தஞ்சாவூரிலும் தாம்பரத்திலும் யார் தேடுவார்கள்? அவரும் இந்த மெத்தையிலேயே நின்றுவிடவில்லை. 2005-ல் வந்த 'மியூசிக் ஃபார் க்ரோகடைல்ஸ்' ஆல்பத்தின் ஒரு பகுதியைச் சென்னையிலேயே பதிவு செய்தார். 2011-ல் வந்த 'வேல்' ஆல்பத்தில் முருகன் பாட்டுகளை ராக் வேகத்தில் போட்டு உலுக்கியிருப்பார்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் 'மாயா'. அந்தக் குரல் பழகியதும் 'நகுமோமு'. கடைசியாக 'மஹா கணபதிம்'. பிறகு அதே மூன்றாவது பாட்டை ஒரு கச்சேரிப் பதிவில் நாட்டை ராகத்தின் முழு கம்பீரத்தோடு கேளுங்கள். ஒன்று இன்னொன்றைக் கெடுக்கிறதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குக் கெடுக்கவில்லை. ஒன்றைக் கேட்டதால்தான் இன்னொன்றைத் தேடிப் போனேன்.