ஊசியும் ஒழுக்கமும்

போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்ளும் வாலிபர்களுக்கு ஹெபடைட்டிஸ் சி என்னும் ஈரல் நோய் வராமல் தடுத்துக்கொள்ளும் வழியைக் கற்பிக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், உடனே சிலர் ஒழுக்கத்தின் பேரால் ஆட்சேபிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். "இது கெட்ட வழக்கத்துக்கு உதவி செய்வதாகாதா?" என்பது அவர்களது கேள்வி. போதை வழக்கம் நல்லதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் இக்கேள்விக்குப் பதிலை அனுபவத்தில் தேடவேண்டுமே அல்லாமல் கோபத்தில் தேடக்கூடாது என்கின்றோம்.

அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் ஸ்காட் கவுண்டி என்று ஒரு சிறு ஜில்லா இருக்கின்றது. அங்கு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியிருந்தது. மாகாணச் சட்டமோ சுத்தமான ஊசி கொடுப்பதைத் தடுத்து வைத்திருந்தது. பலன் என்னவாயிற்று? வருஷத்துக்கு ஐந்து பேருக்குக்கூட எச்.ஐ.வி. காணாத அந்த ஊரில், 2015-ம் வருஷ முடிவுக்குள் 180 பேருக்கு மேல் அது கண்டது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்தது. நோய் பரவத் தொடங்கிய பிறகே அவசர உத்தரவு போட்டு ஊசி கொடுத்தார்கள். புதிதாக நோய் காண்பதும் வெகுவாகக் குறைந்தது. அப்படியிருந்தும் 2021-ல் அந்த ஜில்லா நிர்வாகிகள் அவ்வேற்பாட்டை நிறுத்திவிட ஓட்டுப்போட்டார்கள் என்றால், இதற்கு ஒழுக்கம் என்றா பேர்?

நிற்க, வாலிபர்கள் அறியவேண்டியது இதுதான். இந்நோய் இரத்தத்தால் பரவுவது. ஒருவர் போட்ட ஊசியும் சிரிஞ்சும் மாத்திரமல்ல, கரைக்கும் கரண்டியும், தண்ணீரும், வடிகட்டும் பஞ்சுங்கூட அதைக் கொண்டுபோகும். நோய் கண்டவருக்குப் பல வருஷம் வரை ஒன்றும் தெரியாமலே ஈரல் கெட்டுப்போகலாம். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் 2013 முதல் வந்த புது மாத்திரைகளைச் சுமார் 12 வாரம் சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகின்றது. இந்தியாவிலும் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி பரிசோதனையும் மருந்தும் இலவசம். என்றாலும், குணமானவன் மறுபடியும் பிறர் ஊசியைத் தொட்டால் நோய் மறுபடியும் வரக்கூடும். ஆகவே மருந்திருக்கிறது என்று கல்வியை விட்டுவிட முடியாது.

சுத்தமான ஊசி கொடுப்பதால் போதைக்காரர் பெருகினதாக எங்கும் ருஜுவாகவில்லை. ஊசி வாங்க வருகிறவனிடத்தில்தான் வழக்கத்தை விடும் சிகிச்சையைப் பற்றியும் பேச முடியும். திட்டித் துரத்தப்பட்டவனிடம் யார் போய்ப் பேசுவது?

"அவனவன் செய்த பாவம், அவனவன் அனுபவிக்கிறான்" என்று சும்மாயிருப்பது தலைவிதிக்காரர் வழக்கம். பிழைக்கவைக்கும் வழி தெரிந்திருந்தும் ஒரு வாலிபனைச் சாகவிடுவதை எந்த ஒழுக்கத்தில் சேர்ப்பது என்று கேட்கின்றோம்.