மோட்டார் பாஷை

இங்கிலாந்துக்காரருக்கும் அமெரிக்கருக்கும் பாஷை ஒன்றுதான். மோட்டார் வண்டியருகே வந்ததும் அது இரண்டாகிவிடுகிறது. எஞ்சினை மூடும் தகடு முன்னவருக்குப் பானெட், பின்னவருக்கு ஹூட். அமெரிக்கர் ஹூட்டைத் திறக்கச் சொன்னால் இங்கிலாந்துக்காரர் மடக்குக் கூரையை அவிழ்க்கப் போவார். அவர் ஊரில் ஹூட் என்பது அதுதான்! பின்புறச் சாமான் அறையோ ஒருவருக்குப் பூட், மற்றவருக்கு டிரங்க். இவற்றில் எது பிழையென்று எவரும் நகைப்பதில்லை. நம் பிள்ளைகள் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் மட்டும் நாம் நகைக்கிறோம். நமக்கு அந்த அறை டிக்கி. பழைய வண்டிகளின் பின்னால் மடித்து வைத்திருந்த ஆசனத்துக்கு இங்கிலாந்தில் வழங்கிய பெயர் அது. ஆசனம் மறைந்தது, அதன் பெயரில் நம் மூட்டைகள் ஏறி வருகின்றன.