நோய் தீர்க்கும் கதிர் உயிர் குடிக்கலாமா?

எலும்பு முறிவைக் காண எக்ஸ்ரே. புற்றுநோயை அழிக்கக் கதிர்வைத்தியம். 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த நாள் முதல் இந்த விஞ்ஞானம் காத்த உயிர்கள் ஏராளம். இதை வேண்டாமென்பது பேதைமை. ஆனால் கதிரைக் காவல் காக்கும் பொறுப்பை உடைமையாளர்கள் கைவிட்டால் பலியாவது யார்?

பிரேஸில் நாட்டுக் கோயானியா நகரம் பதில் சொல்கிறது. அங்கே தனியார் கதிர்வைத்திய நிலையம் ஒன்று 1985 இறுதியில் வேறிடம் போயிற்று. சீசியம் வைத்த கருவியைப் பழைய கட்டிடத்திலேயே விட்டுச் சென்றது. அதிகாரிகளுக்குத் தகவல் கூடத் தரவில்லை. எக்ஸ்ரே இயந்திரத்தில் மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். சீசியம் அப்படியல்ல, 30 ஆண்டு கழிந்தாலும் அதன் வீரியம் பாதிதான் குறையும்.

1987 செப்டம்பரில், வயிற்றுப்பாட்டுக்குப் பழைய இரும்பு தேடிய இருவர் அதைக் கழற்றி விற்றனர். உள்ளே இருந்தது நூறு கிராமுக்கும் குறைவான தூள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அதை அதிசயமென எண்ணி உற்றாரும் அண்டை அயலாரும் பங்கிட்டுக் கொண்டனர். பழைய இரும்புக் கடைக்காரரின் மனைவி, கடையில் வேலை செய்த இரு இளைஞர்கள், 6 வயதுச் சிறுமி ஆகிய நால்வர் மாண்டனர். 1,12,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்கத் தூளின் படிவு காணப்பட்டது. மாண்டவர்களின் அறியாமையா குற்றம்? இல்லை. அறிந்தவர்களின் அலட்சியமே குற்றம்!

நம் நாடும் தப்பவில்லை. 2010-ல் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஆய்வுக்கூடக் கருவியிலிருந்த கோபால்ட், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்தது.

இங்கே சட்டம் இல்லாமலில்லை. கதிர்க்கருவிகளைக் கண்காணிக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இருக்கிறது. கதிர்வேலை செய்வோர் ஏற்கும் அளவு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஏட்டில் உள்ள விதி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வரவேண்டும். எக்ஸ்ரே அறை ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஈயக் கவசமும், கதிரளவு காட்டும் பேட்ஜும் வேண்டும். பேட்ஜ் காட்டும் கணக்கை அவரிடமே சொல்ல வேண்டும். கதிர்க்கருவி ஒவ்வொன்றும் வாங்கிய நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை கணக்கில் இருக்கவேண்டும்.

பழைய இரும்பு உடைக்கும் தோழர்களே! மூன்று இதழ் போன்ற எச்சரிக்கைச் சின்னமோ, காரணம் புரியாத கனத்த ஈயக் கலமோ கண்டால் உடைக்காதீர்கள். எட்ட விலகுங்கள், மற்றவரையும் விலக்குங்கள், உடனே போலீசுக்குத் தெரிவியுங்கள்.

விஞ்ஞானத்தின் பயன் அனைவருக்கும்; அதன் ஆபத்து மட்டும் ஏழைத் தொழிலாளிக்கு என்ற அநீதி நீடிக்கலாகாது. தொழிற்சங்கங்கள் இதைத் தம் கோரிக்கையாக்கட்டும்!