மூளைக் கட்டிகளும் நோயெதிர்ப்புக் கலங்களும்

உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியைக் கொண்டே புற்றுநோயை எதிர்க்கலாம் என்பதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகியோருக்கு 2018 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தோற் புற்றுநோயிலும் நுரையீரற் புற்றுநோயிலும் இச்சிகிச்சை குறிப்பிடத்தக்க பலனைத் தந்துள்ளது. ஆனால், கொடிய மூளைக் கட்டியான கிளையோபிளாஸ்டோமாவில் நிலைமை வேறாகும். கட்டி மீளத் தோன்றிய 369 நோயாளர்களைக் கொண்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2020 இல் வெளியாகின. இவ்வகை மருந்தான நிவோலுமாப், ஏற்கனவே பயன்பாட்டிலிருந்த மருந்தைவிட ஆயுளை நீடிக்கவில்லை என அது காட்டியது.

இத்தோல்விக்கான காரணங்களுள் ஒன்று கட்டியின் பரம்பரையலகுகளிலேயே உள்ளது. எந்தப் பரம்பரையலகு விகாரமடைந்துள்ளது என்பதைப் பொறுத்து, கட்டியைச் சூழும் நோயெதிர்ப்புக் கலங்களின் தன்மையும் மாறுகின்றது. என்.எஃப். 1 என்னும் பரம்பரையலகு செயலிழந்த கட்டிகளில் தின்குழியங்கள் பெருமளவில் திரள்கின்றன. காக்க வந்த அக்கலங்களே கட்டியின் வளர்ச்சிக்குத் துணைபோய்விடுகின்றன.

ஐ.டி.எச். 1 என்னும் பரம்பரையலகின் விகாரம் இதனிலும் தெளிவான உதாரணமாகும். 2008 இல் மூளைக் கட்டிகளில் இனங்காணப்பட்ட இவ்விகாரம், பெரும்பாலும் இளவயதினரின் கட்டிகளிலேயே காணப்படுகின்றது. விகாரமடைந்த நொதியம் உற்பத்தி செய்யும் ஒருவகை அமிலம் கட்டியிலிருந்து கசிந்து, அருகிலுள்ள ரி கலங்களுக்குள் புகுந்து அவற்றின் வலுவைக் குன்றச் செய்வதாக 2018 இல் கண்டறியப்பட்டது.

எனினும், அதே விகாரம் கட்டியைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றது. மாற்றமடைந்த புரதம் நலமான கலங்களில் இல்லாததால், ரி கலங்கள் அதனை அந்நியமென அடையாளங்காண முடியும். இதனை இலக்காகக் கொண்ட தடுப்பூசி ஜேர்மனியில் 33 நோயாளர்களிடம் பரிசோதிக்கப்பட்டது. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கும் அதிகமானோரில் நோயெதிர்ப்பு தூண்டப்பட்டதாக 2021 இல் அறிவிக்கப்பட்டது. இது முதற்கட்ட முயற்சியே. குணப்படுத்தும் வழி கிடைத்துவிட்டதெனக் கொள்ளலாகாது.

மறுபுறம், அந்நொதியத்தைத் தடுக்கும் வொரசிடெனிப் என்னும் மாத்திரைக்கு அமெரிக்கா 2024 ஆகஸ்டில் அனுமதியளித்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் எஞ்சிய, மெதுவாக வளரும் கட்டிகளில் நோய் முற்றாதிருந்த காலத்தை அது 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக உயர்த்தியது.

இவையனைத்தும் உணர்த்தும் உண்மை ஒன்றே. கட்டியின் விகாரம் அறியப்படாதவிடத்து இப்புதிய சிகிச்சைகளுக்கான கதவு திறக்கப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு வகைப்பாடும் மூளைக் கட்டிகளைப் பரம்பரையலகு மாற்றங்களின் அடிப்படையிலேயே பிரிக்கின்றது. ஐ.டி.எச். விகாரங்களுள் மிகப் பொதுவானதை, அகற்றப்பட்ட இழையத்துக்குச் சாயமூட்டியே கண்டறியலாம். விலையுயர்ந்த மருந்துகள் வளர்முக நாடுகளை எட்டக் காலம் செல்லலாம். அதற்கு முன்னதாக, இச்சோதனையேனும் ஏழை நோயாளிக்கும் கிடைப்பதை உறுதிசெய்வது சுகாதாரத் துறையினரின் கடமையாகும்.