கிண்டிய வீதியில் பறக்கும் டிப்பர்கள்: மல்லாவிக்குக் கமரா வேண்டும்

மாங்குளம் சந்தியில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பும் வீதியே மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம் மக்களின் பிரதான வழி. 2009 இன் இறுதியில் துணுக்காய்ப் பகுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியது. அன்று முதல் இங்கே பிரதான வீதியும் உள்வீதிகளும் துண்டு துண்டாகவே திருத்தப்பட்டு வருகின்றன. வீதி திருத்தப்படுவதை நாம் குறை கூறவில்லை. கேட்டுக் கேட்டுப் பெற்றதுதான் அது. வேலை நடக்கும் காலத்தில் எமது உயிருக்குப் பொறுப்பாளி யார் என்பதே கேள்வி.

ஒரு பக்கம் கிண்டப்பட்டு, மறுபக்கத்தால் மட்டும் போக்குவரத்து நடக்கும். அந்த ஒற்றை வழியில்தான் பாடசாலைப் பிள்ளைகளின் சைக்கிள்களும், மல்லாவி வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிவரும் முச்சக்கரவண்டியும் வரவேண்டும். லோட் கணக்கில் ஓடும் டிப்பர் அதே வழியில் வேகம் குறைக்காமல் பாயும். கோடையில் அது கிளப்பும் புழுதியில் முன்னால் போவது மாடா மனிதனா என்று தெரியாது. மாரியில் சேற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சறுக்கும். இரவில் பல இடங்களில் எச்சரிக்கை விளக்கே இல்லை. கொடி பிடித்து நிற்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒதுங்க இடமில்லை.

முறையிட்டபோதெல்லாம் பதில் கிடைத்தது. அறிவிப்புப் பலகை வரும் என்றார்கள்; ரோந்து கூட்டப்படும் என்றார்கள். சில நாள் கண்காணிப்பும் நடந்தது. ஆனால் பொலிஸ் நின்றால் எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டிவிடுவார். வன்னியில் வாகனம் ஓட்டிய எவருக்கும் தெரிந்த பாஷை இது. நான்கு கட்டை தாண்டியதும் பழைய வேகம்தான்.

கமராவுக்கு இந்த லைட் பாஷை விளங்காது. 2024 ஜனவரியில் கொழும்பில் கமராப் பதிவைக் கொண்டு போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள்; வாகன உரிமையாளரைத் தேடித் தண்டப் பத்திரம் போகிறது. அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலம் வீதி வேலைத்தளங்களிலேயே வேகக் கமராக்களை நிறுத்துகிறது. 2023 மார்ச்சில் பால்டிமோர் அருகே வேலைத்தளத்துக்குள் கார் புகுந்து 6 தொழிலாளர்கள் இறந்த பின், மறு ஆண்டே அங்கு சட்டம் இறுக்கப்பட்டது. சூரிய மின்சாரத்தில் இயங்கும், இழுத்துச் சென்று நிறுத்தக்கூடிய கமராக்கள் இன்று உண்டு. மின்கம்பம் இல்லை என்ற காரணத்தை இனியும் சொல்ல முடியாது.

ஆனால் கமரா மட்டும் போதாது. சேறு அப்பிய இலக்கத்தகட்டைக் கமராவால் வாசிக்க முடியாது. தகட்டை மறைத்து ஓடுவதையும் குற்றமாகவே பிடிக்க வேண்டும். இன்னொன்று: பறக்கும் டிப்பர்களில் பல, அந்த வீதி வேலைக்கே கிரவல் ஏற்றுபவை. சாரதியிடம் தண்டம் வாங்குவதோடு இது தீராது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒப்பந்தகாரரின் கொடுப்பனவிலும் ஒரு பகுதி வெட்டப்பட வேண்டும். கமரா, வேக எல்லைப் பலகை, இரவு விளக்கு, புழுதி அடக்கத் தண்ணீர் பவுசர் ஆகியவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். அவை வந்து நிற்கும் வரை அடுத்த துண்டு வீதியைக் கிண்டுவதற்கு உரியவர்கள் அனுமதி கொடுக்கக் கூடாது.